பெட்டவே சொன்னதாக

எல்டன் வோபாட்டுக்கு இருபத்தேழு வருடமாக ஒரே இடம்தான். பேட்டி கொடுக்கும் ஆட்டக்காரனின் இடது தோள் பக்கம், ஒரு முழம் பின்னால். பத்திரிகைப் படங்களில் அவருடைய ஒரு காதும் சட்டைக் காலரும் விழும், சில நேரம் பாதி மூக்கும். "உன் மூக்கு வராத பேப்பரே இல்ல. மூஞ்சியைத்தான் ஒருத்தனும் போட மாட்டேங்கறான்" என்று மனைவி மார்லிஸ் சொல்லிச் சிரிப்பாள். எல்டனும் முதல் சில வருடங்கள் சிரித்தார்.

கேல்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு அவர் செய்தி அலுவலர். கான்சஸில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மலை மலையாக இருபத்திரண்டு பேர் முட்டிக்கொள்வது. ஊரில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், சாவு விழுந்தாலும் அடக்கத்தைத் தள்ளி வைப்பார்கள். இந்த ஆட்டக்காரர்களோடு யார் பேசலாம், எத்தனை நிமிடம் பேசலாம் என்பதெல்லாம் எல்டன் கையில் இருப்பதாக வெளியே ஒரு பேச்சு இருந்தது. அவர் கையில் இருந்தது ஒரு அட்டையும் பேனாவும்தான். அட்டையில் செருகியிருந்த பட்டியல் கோச் ரட்லிஜுடையது.

திங்கட்கிழமை மதியத்துக்குள் பத்திரிகைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய பெயர்களை அனுப்ப வேண்டும். எல்டன் அதைத் தட்டச்சு செய்து கோச்சின் அறைக்கு எடுத்துப்போவார். கோச் தலையைத் தூக்காமல் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே போவார். முதலாம் ஆண்டுப் பையன்களா, கிடையாது. அடிபட்டவனா, கிடையவே கிடையாது. போன வாரம் பந்தை நழுவவிட்டவன், தோற்ற அன்று பஸ்ஸில் சிரித்தவன், யோசித்துப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் உள்ளவன் எல்லோர் பெயர் மேலும் கோடு விழும். கடைசியில் மிஞ்சும் நாலு பேர் பன்னிரண்டு நிமிடம் பேசினாலும் ஒன்றுமே சொல்லாமல் இருக்கப் பழகியவர்கள். அவர்களைத்தான் செவ்வாய்க்கிழமை மதியம் எல்டன் கூட்டி வந்து மைக் முன்னால் நிறுத்துவார்.

இது வெளியே தெரிந்த வேலை. தெரியாத வேலை ஒன்று இருந்தது. அறிக்கைகளில் மேற்கோள் குறிக்குள் ஆட்டக்காரன் சொன்னதாக வரும் வார்த்தைகளை எழுதுவது எல்டன்தான். "இந்த விருது எனக்கு மட்டுமல்ல, அணிக்கே கிடைத்தது" என்று எத்தனை பேர் வாயில் போட்டிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. முன்பெல்லாம் எழுதியதைப் பையனிடம் காட்டி, "இப்படிப் போடலாமாப்பா?" என்று கேட்பார். பையன் படிக்காமலேயே தலையாட்டுவான். பிறகு கேட்பது நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அலுப்பில் அதுவாக நின்றது. எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று எல்டனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இத்தனைக்கும் அவரும் ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர். வடக்கே ஒரு சின்ன ஊரின் வாரப் பத்திரிகையில் ஆட்டமும் எழுதுவார், கோதுமை விலையும் எழுதுவார், கவுன்சில் கூட்டத்தில் யார் தூங்கினார் என்பதையும் எழுதுவார். மார்லிஸுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, மருத்துவக் காப்பீடு உள்ள வேலைக்காக இங்கே வந்தார். "ரெண்டே வருஷம்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தாயிற்று, அதற்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. மாத்திரைக்குக் காப்பீடு வேண்டும், காப்பீட்டுக்கு வேலை வேண்டும். காப்பீடும் கூடவே வரும்படி முழு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். அதுவரைக்கும் கோச்சின் கண்ணில் படாமல் காலத்தை ஓட்டிவிட்டால் போதும் என்றிருந்தார். உள்ளங்கால் வலிக்கு ஷூவுக்குள் ரப்பர் அட்டை வைத்துக்கொண்டு, ஏதாவது கேட்டால் சுரத்தில்லாமல் ஒரு "ம்" சொல்லிவிட்டுப் போகிற மனிதராகிவிட்டிருந்தார்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை மாலை கோச் அவரைக் கூப்பிட்டார். ரோட்ரிக் பெட்டவே என்ற பையனைப் பற்றிய விஷயம். பெட்டவே, ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவன். மூன்று வருடமாக அந்த இடம் அவனுடையது. இந்தப் பருவத்தில் தலையில் அவனுக்கு இது மூன்றாவது அடி. இனி விளையாடவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அவன்கிட்ட நானே சொல்லிடறேன். நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு வரச் சொல்றேன்" என்றார் கோச். "பத்து மணிக்கு அறிக்கை போயிடணும். மதியம் பத்திரிகைக்காரங்க வந்து இதையே நோண்டிக்கிட்டு இருக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது கோச்."

எல்டன் எழுத உட்கார்ந்தார். பழைய அச்சு தயாராக இருந்தது: 'இந்த அணிக்காக விளையாடியது என் பாக்கியம். கோச்சோடும் மருத்துவர்களோடும் கலந்து பேசி, விலகும் நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். மன நிறைவோடு போகிறேன்.' படித்துப் பார்த்தார். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. என்ன தோன்றியதோ, முதலாம் ஆண்டில் அந்தப் பையன் நிரப்பிக் கொடுத்த விவரத் தாளைத் தேடி எடுத்தார். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். அம்மா வெர்லீன். பகலில் மீன் வெட்டும் கம்பெனி, சாயங்காலம் பள்ளிக்கூடச் சமையலறை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பையன் 'சர்ச்' என்று எழுதி, அடித்து, 'மீன் பிடிப்பது' என்று எழுதியிருந்தான்.

அதைப் பார்த்துவிட்டு எல்டன் ஒரு வரி சேர்த்தார்: 'என் அம்மா வெர்லீன் இரண்டு வேலை பார்த்து என்னை வளர்த்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன் என்பதுதான் இப்போது என் பெரிய சந்தோஷம்.' ரொம்ப நாளைக்குப் பிறகு தான் எழுதிய ஒன்று அவருக்கே பிடித்திருந்தது. காலை பத்துக்குப் போகும்படி கணினியில் நேரம் குறித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கோச்சுக்கு ஒரு தொலைபேசி வந்தது. டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூட நட்சத்திரம், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த பையன். அந்தப் பேச்சு ஒன்பதரையைத் தின்றது, பத்தையும் தின்றது. பெட்டவேயை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று கோச் தன் உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் பெட்டவேயிடம் சொன்னார். எல்டனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கணினிக்கும் தெரியாது. பத்து மணிக்கு அது தன் வேலையைச் செய்தது.

பதினொரு மணிக்கு எல்டன் பேட்டி அறையில் பத்திரிகைக்காரர்களுக்கான சில்லி பானையைச் சூடு வைத்து, பக்கத்தில் இலவங்கப்பட்டை ரோல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். காரமான பீன்ஸ் குழம்புக்கு இனிப்பு ரோலைத் தொட்டுக்கொள்வது கான்சஸ்காரர்களின் பிறவிக் குணம். யாரோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றது போலிருந்தது. பெட்டவே. முந்நூறு பவுண்டு உடம்பு. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"வோபாட் சார், ஒரு சந்தேகம்."

"வா ரோட்ரிக். கோச் பேசினாரா?"

"இல்ல சார், மதியம் வரச் சொல்லியிருக்காங்க. மண்ணியல் கிளாஸ்ல இருந்தேன். ஃபோன் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. நான் ஃபுட்பாலை விட்டுட்டேன்னு ஆளாளுக்கு வாழ்த்துறாங்க." ஃபோனை நீட்டினான். "இதுல நான் பேசியிருக்கேன். எப்ப சார் பேசினேன்?"

எல்டன் கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பதரைக்கே உன்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். "இரு, உக்காரு முதல்ல."

"மூணு வாரத்துல திரும்பிடலாம்னு டாக்டர் சொன்னாரே?"

"முடியாதுன்னு எழுதிட்டாருப்பா. இனிமே விளையாடக் கூடாதுன்னுட்டாரு."

பையன் உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. தன் பெரிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான், மேசையைக் குத்துவான் என்று எல்டன் எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றான் பெட்டவே. "எனக்கு இப்படியெல்லாம் வராது."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான். எல்டனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எங்கம்மா கூப்பிட்டாங்க. ஒரே அழுகை. சோகத்துல இல்ல சார், சந்தோஷத்துல. 'உன் வாயிலேர்ந்து இப்படி ஒரு வார்த்தை வரும்னு இருபத்தொரு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன்டா'ங்கறாங்க. மீன் கம்பெனில எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டிட்டாங்களாம். பாஸ்டர்கிட்டயும் சொல்லியாச்சாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? 'சரிம்மா'ன்னேன்."

எல்டன் மன்னிப்புக் கேட்டார். தப்பு தன்னுடையது, திருத்தி வேறு அறிக்கை அனுப்புகிறேன், கோச்சிடமும் பேசுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். பையன் தலையை மெதுவாக ஆட்டினான். தலையை வேகமாக ஆட்டினால் அவனுக்கு வலிக்கும் போலிருந்தது.

"அதெல்லாம் வேணாம் சார். நீங்க இன்னொண்ணு எழுதினா அதையும் நான்தான் சொன்னேம்பாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். இன்னைக்குப் பத்திரிகைக்காரங்க வருவாங்கல்ல? அவங்க முன்னாடி நானே ரெண்டு வார்த்தை பேசணும். மூணு வருஷமா என்னை யாருமே கேட்டதில்ல. அம்மாகூடக் கேப்பாங்க, 'ஏன்டா, உன்னை மட்டும் ஏன் டிவில காட்ட மாட்டேங்கறாங்க?'ன்னு."

அவனை யாரும் கேட்காமல் இல்லை. 'கேல்டன் ஹெரால்ட்' பத்திரிகையின் ஜோனெல் ஃப்ரீசன் நாலு முறை அவன் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள். நாலு முறையும் கோச் அந்தப் பெயரை அடித்தார். யோசித்துப் பேசுகிறவன் அல்லவா. எல்டன் அதைப் பையனிடம் இதுவரை சொன்னதில்லை, அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசிக்க என்ன இருந்தது? பையனை மைக் முன்னால் நிறுத்தினால் தன் வேலை போகும். அடுத்தது மார்லிஸின் மாத்திரை. நிறுத்தாவிட்டால் இந்தப் பையன் தன் சொந்த விஷயத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல், எல்டன் வோபாட் எழுதிய அழகான வரிகளோடு மிசிசிப்பிக்கு பஸ் ஏறிவிடுவான். எல்டன் காரில் போய் உட்கார்ந்து வீட்டுக்கு ஃபோன் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"அந்த வரியை அவன் சொல்லவே இல்லையா?" என்று மார்லிஸ் கேட்டாள். "காலைல படிச்சிட்டு நானே கண்ணைத் துடைச்சுக்கிட்டேனே."

"இல்ல. நான்தான்."

"அட படுபாவி" என்றாள் மார்லிஸ். பிறகு, "என் மாத்திரையைக் காரணம் காட்டி எதையும் செய்யாம இருக்காத எல்டன். அந்தப் பழியெல்லாம் என்னால சுமக்க முடியாது" என்று வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எல்டன் தன் கையால் தட்டச்சு செய்யும் விதித் தாள் ஒன்று உண்டு. பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி, தடை எல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்துக்குத் திரும்பி அதை எடுத்துப் படித்தார். 'அணியில் உள்ள ஆட்டக்காரர்கள்' என்று ஒவ்வொரு வரியும் தொடங்கியது. பெட்டவே அணியில் இல்லை. இல்லை என்று காலை பத்து மணிக்கு ஊருக்கே அறிவித்தது இதே அலுவலகம்தான்.

மதியம் கோச் தன் பங்கைப் பேசிவிட்டுப் போனதும், ஆட்டக்காரர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். நாலு பேரோடு ஐந்தாவதாகப் பெட்டவே நின்றான். எல்டனின் மேலதிகாரி பிரைஸ், முப்பத்திரண்டு வயது, எப்போதும் இரண்டு ஃபோன் வைத்திருப்பவன், வேகமாக வந்து காதோரம் குனிந்தான்.

"எல்டன், என்ன பண்றீங்க? கோச் பட்டியல்ல அவன் பேரே இல்லையே."

"ஆமா. அதனாலதான்."

"என்ன அதனாலதான்?"

"அணியில இருந்தாத்தான பட்டியல் வேணும்? இப்ப அவன் சும்மா ஒரு மாணவன். நிக்கறான், பேசறான். அவன் வாயை நீ எந்த விதியில மூடுவ?"

"நீங்க பைத்தியமா? கோச் உங்களை உயிரோட விட மாட்டார்."

"தெரியும்" என்றார் எல்டன். பிரைஸ் ஒரு ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினான். கோச்சைக் கூப்பிடத்தான் ஓடினான்.

பத்திரிகைக்காரர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் வழக்கம்போல பந்து வீசும் நட்சத்திரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜோனெல் ஃப்ரீசன் மட்டும் ரோலைக் கடித்துக்கொண்டே கடைசி மைக்குக்கு வந்தாள். அறுபது வயது, எல்டனோடு சண்டை போட்டே நரைத்தவள்.

"என்ன எல்டன், கேக்காமயே ஒரு ஆளைக் குடுக்கற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவனைக் கேளு ஜோனெல். எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். ரோலைக் கீழே வைத்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஐந்து பேர். பந்து வீசுபவன் தனியாக நின்றான்.

பெட்டவே நிதானமாகப் பேசினான். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி. "போறேன்னு நான் முடிவு பண்ணல மேம். எனக்கே இன்னைக்குக் காலைல கிளாஸ்லதான் தெரிஞ்சுது. டாக்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும். தலைவலி இருக்கு. வெளிச்சம் கூசுது. அதை நான்தான் மறைச்சேன், அது என் தப்பு. நான் சண்டைக்கு வரல." நிறுத்தினான். "ஆனா போறவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். குனிஞ்சு நிக்கறப்ப எதிர்ல இருக்கறவன் மூச்சு என் மூஞ்சில படும். இனி அது கிடையாதுன்னு யாராவது என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கலாம்."

எல்டன் தன் வழக்கமான இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வரியைத் தன்னால் எந்தக் காலத்திலும் எழுதியிருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. எத்தனை பையன்களிடம் கேட்காமல் விட்டோம் என்ற நினைப்பு வந்தது.

ஜோனெல் காலையில் வந்த அறிக்கையை எடுத்தாள். "அப்ப இது? 'மன நிறைவோடு போகிறேன்'னு போட்டிருக்கே. அம்மாவைப் பத்தி வேற இருக்கு, சர்ச்சுல பக்கத்துல உக்காரப் போறேன்னு. இதுல எதுவுமே நீ சொல்லலையா?"

எல்டன் முன்னால் ஒரு அடி வைத்தார். எல்லாம் நான் எழுதியது, ஒரு எழுத்துகூட அவனுடையது இல்லை என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். பெட்டவே திரும்பி அவரைப் பார்த்தான். மிசிசிப்பியில் ஒரு மீன் கம்பெனியில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பெண் அந்தப் பார்வையில் இருந்தாள். எல்டன் வாயை மூடிக்கொண்டார்.

"அம்மாவைப் பத்தின வரி என்னுது மேம்" என்றான் பெட்டவே. "அதை நான்தான் சொன்னேன். அப்படியே போட்டுக்குங்க. மத்தது எதுவும் நான் சொன்னது இல்ல."

"பின்ன யாரு சொன்னது?"

வாசல் பக்கம் கோச்சின் குரல் கேட்டது. ஜோனெல் கருவியைப் பையனின் இடது தோள் பக்கம் திருப்பி, எல்டனின் மோவாய்க்கு நேராக நீட்டினாள். மற்றவர்களும் திருப்பினார்கள்.

"மத்ததை நான் எழுதினேன்" என்றார் எல்டன். "அவனைக் கேக்காம எழுதினேன்."

"உன் பேரைப் போடட்டுமா எல்டன்?" ஜோனெலின் குரல் தணிந்திருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"போட்டுக்கோ" என்றார்.